பத்தில் ஒன்று

குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லுக்கு ஸகாத் பத்தில் ஒன்றா, இருபதில் ஒன்றா? 1962ஆம் ஆண்டுப் பெரும்போகச் சூடு அடித்து முடிந்த கையோடு, சாகாம வட்டையின் வாடி ஒன்றில் இந்த வழக்கு நடந்தது. வானம் பொழிந்து தானாக விளைந்தால் பத்தில் ஒரு பங்கு ஏழைக்கு. இறைத்துப் பாய்ச்சி விளைவித்தால் இருபதில் ஒரு பங்கு போதும். பாடு கூடினால் கடமை குறையும். நபிகள் காலத்திலிருந்து வரும் கணக்கு இது. அக்கரைப்பற்றிலிருந்து வந்திருந்த வயல் சொந்தக்காரப் போடியார்மார் குளம் கட்டினது மனிசன், துருசு திறக்கிறது மனிசன், வாய்க்கால் வெட்டுறதும் மனிசன் என்று அடுக்கிக்கொண்டே இருபதில் ஒன்றின் பக்கம் சாய்ந்தார்கள். மூலையில் தேயிலை ஊற்றிக்கொண்டிருந்த, பங்குக்கு வயல் பார்க்கும் முல்லைக்காரர் கோளாவில் பக்கத்துத் தமிழர். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு பாதி அழிந்திருந்தது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"மழை பெய்யாம குளம் எங்கால போடியார் நிரம்புற?" என்றார்.

ஊருக்குப் போய் மௌலவியிடம் கேட்டபோது அவரும் அதையே கிதாபைப் பார்த்துச் சொன்னார். ஷாபி மத்ஹபின்படி, இறைக்காமல் வாய்க்கால் வழியே தானாக ஓடிவரும் தண்ணீர் மழைக்குச் சமம். ஆகவே பத்தில் ஒன்று. "முல்லைக்காரன் பத்வாக் குடுத்துட்டான்" என்று போடியார்மாரில் ஒருவர் அந்த வருடம் முழுவதும் சொல்லிச் சிரித்தார். மூட்டைகள் மட்டும் சரியாகப் பத்தில் ஒன்று போயின.

அப்போது பத்து வயதுப் பையனாக வாடியின் சாக்குக் கட்டிலில் படுத்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மகன் பின்னாளில் கணித ஆசிரியராகி, கரையோரப் பள்ளிக்கூடங்களில் பின்னங்களைக் கற்பித்து இளைப்பாறினார். ஊரில் அவருக்கு மாஸ்டர் என்பதே பெயர். கடவுளின் அன்பைப் பற்றிப் பேசச் சொன்னால் மாஸ்டர் சாகாமத்தைப் பற்றித்தான் பேசுவார். அங்கே போய் வந்தால்தான் அவருக்கு மற்றது விளங்கும்.

சாகாமம் கடற்கரை ஊர் அல்ல. அக்கரைப்பற்றிலிருந்து சாகாமம் வீதியைப் பிடித்தால், ஆலையடிவேம்புப் பக்கத்துத் தமிழ்க் குடியிருப்புகளைத் தாண்டி, வயலுக்குள் இறங்கி, உள்ளே உள்ளே போக வேண்டும். முடிவில் குளம். குளத்துக்கு அப்பால் காடு, யானை, மாட்டுப் பட்டிகள். நிர்வாகப்படி திருக்கோவில் பிரதேசத்தைச் சேர்ந்தது. முஸ்லிம் போடியார் தன் வயலுக்குப் போவதென்றால் தமிழ் ஊர்களுக்குள்ளால்தான் போக வேண்டும்; தமிழர் சந்தைக்கு வருவதென்றால் முஸ்லிம் கடைத் தெருவுக்குத்தான் வர வேண்டும். அம்பாறைக் கரை நெடுகிலும் இதுதான் அமைப்பு. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில் என்று ஊர்கள் மாறி மாறி வருகின்றன. ஒருவர் வாசலைக் கடக்காமல் மற்றவர் எங்கும் போக முடியாது.

இதைச் சொல்ல வரும் மேடைப் பேச்சாளர் எவரும் "பிட்டும் தேங்காய்ப் பூவும் போல வாழ்ந்தோம்" என்று தொடங்காமல் விடுவதில்லை. மாஸ்டருக்கு அந்த உவமையில் ஒரு குறை உண்டு. பிட்டும் தேங்காய்ப் பூவும் ஒன்றோடொன்று தகராறு பண்ணுவதில்லை. சாகாமத்தில் தகராறு நாளாந்தம் நடந்தது. யாருடைய வரவைக்கு முதலில் தண்ணீர், யார் இரவோடு இரவாக வக்கடையை வெட்டிவிட்டது, யாருடைய எருமை வரம்பை உடைத்தது என்று ஓயாத வழக்கு. அதைத் தீர்க்க ஒரு வழி இருந்ததுதான் விசேஷம்.

அந்த வழிக்குப் பெயர் வட்டைவிதானை. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் விதானைமாரை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. சட்டப் புத்தகத்தில் மாறிய பெயர் வட்டைக்குள் மாறவில்லை. மாஸ்டரின் சின்ன வயதில் ஆள் வட்டைவிதானைதான். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் ஆரம்பக் கூட்டம் கூடும். எந்தத் தேதியில் குளத்து மதகாகிய துருசைத் திறப்பது, எந்தத் தேதிக்குள் விதைப்பு முடிப்பது, மாட்டை எப்போது வட்டையை விட்டு வெளியேற்றுவது என்றெல்லாம் அங்கே கத்திக் கூச்சலிட்டு முடிவாகும். முடிவானபின் மீறினால் தண்டம். தொப்பி போட்டவருக்கும் திருநீறு பூசியவருக்கும் ஒரே தண்டம்.

வாப்பாவுக்கு மார்க்க அறிவு பெரிதாக இல்லை. ஓதத் தெரியும், தொழுவார், அவ்வளவுதான். ஆனால் ஆரம்பக் கூட்டத்திலிருந்து சைக்கிளில் திரும்பிய ஒரு மாலையில் அவர் சொன்ன ஒரு சொல்லை மாஸ்டர் எந்த குத்பாவிலும் கேட்டதில்லை. "துருசு வரைக்கும் அல்லாஹ்ட கணக்கு மனே. துருசுக்கு இங்கால நம்மட கணக்கு."

இரண்டு பக்கத்தாரும் அந்த மேலிடத்துக் கணக்கை நம்பியவர்கள். மழை தவறினால் அக்கரைப்பற்றில் வெட்டவெளியில் கூடி மழைத் தொழுகை தொழுவார்கள். கண்ணகை அம்மன் கோயில்களில் மழைக்காவியம் பாடுவார்கள். ஒரு வருடம் இரண்டும் ஒரே கிழமையில் நடந்து மழையும் கொட்டியது. யாருடைய வேண்டுதலுக்குப் பெய்தது என்று முல்லைக்காரரும் வாப்பாவும் வாடியில் இருந்து வாதாடினார்கள். நனைந்த நெல்லை அள்ளிக் கட்டிக்கொண்டேதான். கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரில் கொடியேறும் 12 நாளும் நேர்த்தி வைத்த தமிழ்ப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் கரை வழியே வந்து, திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று காட்டுக்குள் இறங்குவார்கள். அவர்களுக்கு வாசலில் தண்ணீர் வைப்பது மாஸ்டரின் உம்மாவுக்கு வருடாந்தக் கடமை. காட்டுப் பாதையின் முடிவில் கதிர்காமத்திலும் ஹிள்ர் நபி பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். தெரியாமல் இருந்தாலும் வைத்திருப்பார் என்கிறார் மாஸ்டர்.

டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி ஆராயத் தொடங்கினார். 2008இல் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. தமிழர், முஸ்லிம் இருவரிடமும் தாய்வழிக் குடி முறை இருப்பதை அவர் விரிவாக எழுதினார். இரு பக்கத்திலும் குடி தாயைக் கொண்டு வரும். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியேறுவான். கோயிலில் குடிக்கு வண்ணக்கர், பள்ளியில் குடிக்கு மரைக்காயர். வெளியார் ஒருவர் வந்து எழுதிய பிறகுதான் இது விசேஷமான விடயம் என்று ஊருக்குத் தெரிந்தது. அதற்கு முன் அது சும்மா ஊர் வழக்கம்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லவும் மாஸ்டர் தயாரில்லை. போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் இடையில் அன்பு இருந்தது, கடனும் இருந்தது. விதைநெல்லும் செலவுக் காசும் போடியார் முன்பணமாகக் கொடுப்பார். சூடு அடித்ததும் கழித்துக்கொள்வார். கெட்ட போகத்தில் முல்லைக்காரரின் பங்கு கடனுக்கே சரியாகிவிடும். வாப்பா வருடக் கடைசியில் கொஞ்சம் தள்ளிக் கொடுப்பார். தள்ளிக் கொடுக்காத போடியார்மாரும் இருந்தார்கள், இரண்டு சமூகத்திலும். சாப்பாட்டு விடயத்தில் மட்டும் யாரும் யாரையும் சங்கடப்படுத்தவில்லை. பெருநாளைக்கு முல்லைக்காரர் வீட்டுக்குச் சமைத்த இறைச்சி போகாது. அரிசி, வாழைக்குலை, முட்டை என்று சமைக்காத சாமானாகப் போகும். சித்திரை வருடப் பிறப்புக்கு அங்கிருந்து பலகாரம் வரும், தயிர் முட்டியோடு.

1978 நவம்பர் 23ஆம் தேதி இரவு சூறாவளி மட்டக்களப்புப் பக்கத்தைப் புரட்டிப்போட்டது. தென்னந்தோப்புகள் விழுந்தன, கூரைகள் பறந்தன. சாகாமப் பாதையில் மரம் வெட்டி வழி எடுத்தவர்களில் மாஸ்டரும் இருந்தார், முல்லைக்காரரின் பிள்ளைகளும் இருந்தார்கள். இதை விரித்துச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. "ஆபத்துக்கு எல்லாரும் நல்லவங்கதான்" என்று விட்டுவிடுவார்.

பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். 1985 ஏப்ரலில் காரைதீவு எரிந்தது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. அந்த ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்தில் ஏறாவூரில் வீடுகளுக்குள் இருந்தவர்கள். அதே மாதத்தில் சம்மாந்துறைக்கு அருகே வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள். பள்ளியும் கோயிலும்தான் மனிதன் ஓடிப்போய் ஒளியும் இடம். அங்கேயே வெட்டும் சூடும் விழுந்தபோது, கடவுளின் அன்பு என்று பேசிய நாக்குகள் கொஞ்சக் காலம் அடங்கிக் கிடந்தன. மாஸ்டரும் தொழுதார்; துஆக் கேட்கும் இடத்தில் மட்டும் கையை ஏந்திக்கொண்டு சும்மா இருந்தார்.

வயலுக்குப் போக முடியவில்லை. சாகாமப் பாதையில் அதிரடிப்படையின் காவலரண். அதற்கு அப்பால் கஞ்சிகுடிச்சாற்றுக் காட்டில் புலிகள். முஸ்லிம் போடியார் இருவருக்கும் ஆகாதவர், முல்லைக்காரர் இருவருக்கும் சந்தேகத்துக்குரியவர். அவருடைய குடும்பம் திருக்கோவில் பக்கம் இடம்பெயர்ந்தது. வரவைகளில் முதலில் புல் ஏறியது, பிறகு பற்றை, பிறகு மரம். வாப்பா கடைசி வரை வயலைப் பார்க்காமலே மௌத்தானார். வயல் உறுதியைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார் என்றால் கதை போலத் தோன்றும். உண்மையில் அது அலுமாரியில்தான் இருந்தது. வருடத்துக்கு ஒருதரம் எடுத்துக் கறையான் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம். ஏப்ரலில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் புலிகளின் தலைவர் பிரபாகரனும் கிளிநொச்சியில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். கிழக்கில் முஸ்லிம்கள் தங்கள் வயல்களைச் செய்ய இடம் விடுவது பற்றியும் அங்கே பேச்சு வந்தது. ஒப்பந்தத்தை நம்பி மாஸ்டர் போகவில்லை. முல்லைக்காரரிடமிருந்து ஆள் வந்தது, அதை நம்பிப் போனார்.

கிழவராகிவிட்ட முல்லைக்காரர் வாகை மரத்துக்குக் கீழே நின்றார். பார்வை மங்கியிருந்தது. காட்டுக்குள் எந்த இடம் யாருடையது என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை. எல்லைக் கல்லைக்கூட யாரோ பெயர்த்திருந்தார்கள். அவர் ஒரு மருத மரத்தைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார். அதிலிருந்து பழைய வாய்க்கால் மேட்டைக் காலால் தடவினார். "இதில இருந்து கிழக்கால பன்னிரண்டு வரவை உங்கட. அங்கால மற்றப் போடியார்ர." பக்கத்துத் துண்டில் கொஞ்சத்தை அவருடைய சொந்தக்காரர் ஒருவரே அடைத்து வெங்காயம் நட்டிருந்தார். "அதுவும் உங்கடதான்" என்றார், அந்தச் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே. பேச்சு சூடேறியது. வெங்காயம் கிண்டும் வரைக்கும் விட்டுக்கொடுப்பது, அதன்பின் காலி செய்வது என்று அன்று மாலைக்குள் முடிவானது.

இரு குடும்பத்திலும் 1990இல் போனவர்கள் உண்டு. அன்று அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேசித் தீர்ப்பதுதான் சமாதானம் என்று மேடைகளில் சொல்கிறார்கள். மாஸ்டர் கண்ட அளவில், எல்லையை உள்ளபடி காட்டியதுதான் முதலில் வந்தது. அந்தப் பேச்சு நாலைந்து வருடம் கழித்து, ஒரு மழை நாளில், யாரும் கேட்காமலே வந்தது.

2004 டிசம்பர் 26. ஞாயிறு, போயா நாள். கடல் ஏறியபோது கரையோரத்தார் உள்ளே ஓடினார்கள். அக்கரைப்பற்றில் இருந்தவர்களுக்கு உள்ளே ஓடுவது என்றால் சாகாமம் வீதியும் அம்பாறை வீதியும்தான். இலங்கையிலேயே கூடுதல் உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். தமிழ்க் குடியிருப்புகளில் முஸ்லிம் பெண்களுக்குச் சேலை கொடுத்து உடுக்க வைத்தார்கள். பள்ளிகளில் சமைத்த சோறு யார் எவர் என்று பார்க்காமல் வழங்கப்பட்டது. அம்பாறையிலிருந்து சிங்கள மக்கள் சோற்றுப் பார்சல்களோடு வந்தார்கள்.

அடுத்த கிழமைகளில் சில மேடைகளிலிருந்து, இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்ற விளக்கம் வந்தது. எல்லா மதத்திலும் வந்தது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தகப்பன் முன்னால் உட்கார்ந்திருக்க அப்படிச் சொல்லும் வாய்க்கு என்ன நெஞ்சு வேண்டும் என்று மாஸ்டருக்கு இன்றும் கோபம். "ஏன் நடந்தது எண்டு எனக்குத் தெரியா. அது துருசுக்கு அங்கால உள்ள கணக்கு. அண்டைக்கு ராத்திரி சேலை குடுத்த கையும் அவன் அனுப்பினதுதான் எண்டு மட்டும் நம்புறன்" என்பார். அந்த வருடந்தான் துஆக் கேட்கும் இடத்தில் அவருக்கு மறுபடி வாய் திறந்தது.

இங்கால உள்ள கணக்கோ விரைவிலேயே பிழைத்தது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் பணத்தில் 500 வீடுகள் எழும்பின. யாருக்கு, எந்த விகிதத்தில் என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. எல்லாச் சமூகத்துக்கும் விகிதப்படி பிரிக்கச் சொல்லி 2009இல் தீர்ப்பும் வந்தது. அதற்குப் பிறகும் வீடுகள் ஆண்டுக் கணக்காகப் பூட்டிக் கிடந்து, கதவும் யன்னலும் போய், பற்றை மண்டின. ஒரே இரவில் கணக்குப் பார்க்காமல் கொடுத்த மக்களால், கட்டி முடிந்த வீட்டைப் பங்கு போட முடியவில்லை. மக்களால் முடியவில்லை என்பதைவிட, அவர்களைக் கூட்டி உட்கார்த்தி ஓர் ஆரம்பக் கூட்டம் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை என்பதே சரி. வீடு கட்டும் முன்னரே பங்கைப் பேசியிருக்க வேண்டும். விதைத்த பிறகு யாரும் தண்ணீர்த் தேதி பேசுவதில்லை.

2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வெடித்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளும் செத்தார்கள். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில், புதிதாக வந்து வீடு எடுத்திருந்த குண்டுதாரிகளின் கூட்டாளிகள் மீது சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தது அந்த ஊர் முஸ்லிம்கள்தான். அப்படியிருந்தும் சில மாதங்களுக்கு முஸ்லிம் கடைகளில் தமிழ் வாடிக்கை குறைந்தது. மாஸ்டர் வழமையாக முடிவெட்டும் தமிழ்ச் சலூனில் ஒரு நாள் கதிரை காலியாக இருந்தும் காத்திருக்கச் சொன்னார்கள். அடுத்த மாதம் அவர் அதே சலூனுக்கே போனார். அப்போது காக்க வைக்கவில்லை.

கொரோனாக் காலத்தில் முஸ்லிம் ஜனாஸாக்களையும் எரிக்க அரசு கட்டாயப்படுத்தியது. அடக்கம் செய்ய விடுங்கள் என்ற கோரிக்கையையும் தாங்கி, 2021 பெப்ரவரி 3ஆம் தேதி பொத்துவிலில் இருந்து பொலிகண்டிக்கு ஒரு நடைபவனி புறப்பட்டது. காணாமலாக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளின் தாய்மார் நடந்த அதே ஊர்வலத்தில் முஸ்லிம் இளைஞர்களும் சேர்ந்தார்கள். பெப்ரவரி கடைசியில் அடக்கத்துக்கு அனுமதித்து வர்த்தமானி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் மண்ணுக்குள் போயின. நடைபவனியால்தான் வந்தது என்று சொல்ல மாட்டார் மாஸ்டர். வெளிநாட்டு அழுத்தமும் இருந்தது. அந்தக் கோரிக்கைப் பட்டியலில் தன் சமூகத்தின் மையித்துக்கும் ஒரு வரி இருந்ததே, அது அவருக்குப் போதுமாயிருந்தது. அதே கரையில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் தகராறு அப்போதும் தீராமல் கிடந்தது, இரு பக்கமும் முறுக்கிக்கொண்டு.

அந்த வருடம் இரசாயன உரத்தையும் தடை செய்தார்கள். பெரும்போகம் நோஞ்சானாக வளர்ந்தது. ஒவ்வொரு மூட்டையும் கணக்கு என்ற நிலையில், அறுவடைக்குக் கிட்டத்தில் ஓர் இரவு தமிழர் ஒருவரின் எருமைப் பட்டி சாகாம வட்டையில் முஸ்லிம் ஒருவரின் வயலுக்குள் இறங்கிவிட்டது. காலையில் இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்தார்கள். தொலைபேசியில் படம் பிடித்து முகநூலில் போடப் போவதாக ஒரு பெடியன் சொன்னான். விவசாய அமைப்பின் தலைவர் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு மாஸ்டருக்கு ஆள் அனுப்பினார்.

மாஸ்டர் கயிறு கொண்டு போனார். மிதிபட்ட இடம் ஒரு முக்கோணமும் ஒரு நீள்துண்டுமாக இருந்தது; அளந்தார், மண்ணில் குச்சியால் பெருக்கினார். முக்கால் ஏக்கர். வயல்காரர் போன வருட விளைச்சலை வைத்து இருபத்திரண்டு மூட்டை கேட்டார். பட்டிக்காரர், இந்த வருடம் இந்த வயலில் எது விளைந்தது, மாடே பட்டினியாகத்தான் திரும்பி வந்தது என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள், வயல்காரரைத் தவிர. மிதிபடாத பக்கத்து வரவையில் ஒரு பாகம் அறுத்து, அடித்து, அளந்து பார்ப்பது என்று மாஸ்டர் சொன்னார். அளந்து பார்த்ததில் பதினொன்று வந்தது. வரம்பு கட்டும் கூலிக்கு ஒன்று சேர்த்துப் பன்னிரண்டு. இரண்டு பேரும் முகத்தைச் சுழித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

பட்டிக்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பும்போது திரும்பி நின்றார். "நோன்புக்குத் தயிர் வேணுமெண்டா சொல்லியனுப்புங்க காக்கா" என்றார் வயல்காரரிடம். "காசுக்குத்தான்."